எங்கள் வீட்டுக்கு அடியில் ஓடிய ஆறு

எங்கள் வீட்டுக்கு அடியில் ஓர் ஆறு ஓடுகிறது என்று ஒருவர் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதை டைப் அடித்தவள் நான். அப்படி ஓர் ஆறு கிடையவே கிடையாது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். அந்தப் பக்கங்கள் என் கைக்கு வந்த நாளில், என் தங்கை பெற்ற நாற்பது நாள் குழந்தை அந்த ‘ஆற்றுத்’ தண்ணீரில் கரைத்த பால் பவுடரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

என் கடை சிதம்பரத்தில், ரயிலடிக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. தீசிஸ் டைப்பிங், பிரிண்டிங், பைண்டிங். பதினோரு வருஷமாக எம்.பில்., பிஎச்.டி. என்று வருகிறவர்களின் ஆராய்ச்சியெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகிறது. உள்ளூர், வெளியூர், எந்தக் கல்லூரி என்று கணக்கில்லை. நான் படித்தது என்னவோ பி.ஏ.வோடு சரி. ஆனால் ஒரு தீசிஸை நாலு பக்கம் புரட்டினால் போதும், உழைத்து எழுதியதா, உட்கார்ந்த இடத்தில் அவித்ததா என்று சொல்லிவிடுவேன். பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி. கறிவேப்பிலை கொசுறாகக் கொடுத்தால்கூட ஏன் கொடுக்கிறான் என்று யோசிப்பேன்.

விலங்கியல்காரர்களை நம்பலாம். நண்டைப் பற்றி எழுதுகிறவர் வந்துவிட்டுப் போனால் கடையில் அன்று முழுக்க ஊதுவத்தி கொளுத்தி வைக்க வேண்டும். நாற்றத்தை யாரும் ஜோடிக்க முடியாது. மொழியியல் படித்த ஒரு பெண், பிச்சாவரம் பக்கத்து மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கிற பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை வந்து, “அக்கா, இன்னொரு காத்து கெடச்சிருக்கு, சேத்துக்குங்க” என்பாள். இரண்டு வருஷம் இதே கதை. அவளையும் நம்பினேன். பொய் எழுதுகிறவர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள்.

உடற்கல்வித் துறையிலிருந்து ஒரு தம்பி கபடி ஆட்டக்காரர்களின் நாடித்துடிப்பை அளந்து அட்டவணை கொண்டுவந்தார். அணியில் ஏழு பேருக்கும் ஒரே எண்.

“என்னா தம்பி, ஏழு பேருக்கும் சேத்து ஒரே நெஞ்சா?” என்று கேட்டேன்.

முகம் சிவந்து வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் ஏழு விதமான எண்களோடு வந்தார். ஒரே ராத்திரியில் எந்த மைதானத்தில் அளந்தாரோ! வணிகவியல்காரர் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி எழுதியிருந்தார். தலைப்பில் கடலூர் மாவட்டம். உள்ளே போனால் திட்டக்குடிப் பெண்கள் நொய்யல் கரையில் கூட்டம் போடுகிறார்கள். எங்கேயோ கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தீசிஸை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியவர், ஆற்றை மாற்ற மறந்துவிட்டார். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஆற்றை வைத்து என்னையும் ஒருநாள் கடவுள் பிடிப்பார் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற சனங்கள். எங்கள் ஊருக்கு வருகிற ஆராய்ச்சிக்காரர்களும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருவர் மண்ணைக் கேட்பார், ஒருவர் மாட்டுச் சாணத்தைக் கேட்பார், ஒரு பெண் வந்து புயலுக்குப் பிறகு உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்பாள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து ‘இதுதான் தெரிந்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கேட்கிறவன் எதைக் கேட்கிறான் என்று பார்க்க மாட்டோம், எதற்குக் கேட்கிறான் என்றுதான் பார்ப்போம். நிலத்தை எடுக்கப் போகிறார்கள், குழாய் பதிக்கப் போகிறார்கள், அடியில் என்னமோ இருக்கிறதாம் என்று எப்போதும் ஏதாவது ஒரு வதந்தி ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தத் தம்பி வந்தார். புவியியல் ஆய்வு மாணவர், நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி. முதுகில் பை, கையில் இடம் குறிக்கிற கருவி, பை நிறைய வெள்ளை பாட்டில்கள். மறுநாள் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அம்மா பாக்கு வெற்றிலை வாங்க பஸ் ஏறிப் போயிருந்தார். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் விருந்தாளிகளுக்காக வாங்கிய தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன.

பக்கத்து வீட்டு மாமா வேலியைத் தாண்டி வந்து காதில் கிசுகிசுத்தார். “பூமிக்கடியில என்னமோ பாக்குறான் பாப்பா. நீதான் இவுனுங்கள தெனம் பாக்குறவ. போயி கேளு.”

கேட்டேன். எந்தத் துறை, யார் கைடு, எத்தனையாவது வருஷம். டாண் டாண் என்று பதில் வந்தது. அடையாள அட்டையைக் காட்டினார். அந்த மாதிரி அட்டை என் கடையிலேயே எத்தனை அடித்துக் கொடுத்திருக்கிறேன், அட்டைக்கெல்லாம் அசருவேனா?

மற்ற வீடுகளில் கைபம்பு. அவரே அடித்து அவரே பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் போர் மோட்டார், அந்த நேரம் பார்த்து கரண்ட் இல்லை. இரண்டு பாட்டிலை என்னிடம் கொடுத்து, “கரண்ட் வந்ததும் பத்து நிமிஷம் ஓட வுட்டு, அப்புறமா புடிச்சி வைங்கக்கா. அந்தாண்ட தெருவ முடிச்சிட்டு வரேன்” என்று போய்விட்டார்.

நான் யோசித்தேன். தண்ணீர் நல்லதாக இருந்தால் யாராவது கம்பெனிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து உறிஞ்சுவான். கெட்டதாக இருந்தால் போரை மூடு என்பான். எப்படியும் நமக்கு நஷ்டம்தான். பார்த்தேன், ஒரு கேனைத் திறந்தேன், இரண்டு பாட்டிலையும் நிரப்பி மூடினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

திரும்பி வந்தவர் தண்ணீரில் உப்பு பார்க்கிற, பேனா மாதிரி ஒரு மீட்டரை உள்ளே விட்டார். எண்ணைப் பார்த்தார். மீட்டரைத் துடைத்து மறுபடி விட்டார். முகம் பூரித்துப்போனது. “உங்க தண்ணி மட்டும் தனிக்கா. தெருவுலயே இப்புடி இல்ல.”

“எங்க வூட்டுத் தண்ணின்னா சும்மாவா?” என்றேன் நான், சிரிக்காமல்.

அதை மாமா கேட்டார். மாமா கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மாவுக்குப் பாதி வழியிலேயே செய்தி போய்விட்டது. படித்தவர் மிஷின் வைத்துப் பார்த்து, நம்ம தண்ணீர்தான் உசத்தி என்று சொன்னாராம். அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நிச்சயதார்த்த வேலை நேரத்தில் திட்டு விழும் என்று விட்டேன். அப்புறம் மறந்தும் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வருஷம் போனதும் எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இந்த வருஷம் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கடலூர் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று பவுடரும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா போர்த் தண்ணீரைப் பிடித்து, வடிகட்டி, கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்து, பாதியாகச் சுண்டிய பிறகுதான் ஆற்றிக் கரைப்பார். அவ்வளவு சுத்தம், அவ்வளவு அக்கறை.

அப்போதுதான் அந்தத் தம்பி தீசிஸோடு என் கடைக்கு வந்தார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. அன்று தலையில் துண்டும் கையில் துடைப்பமுமாக நின்றவளை எப்படித் தெரியும்? நானும் காட்டிக்கொள்ளவில்லை. பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே பொய் எழுதியிருக்கிறார் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு கை பார்த்துவிடுகிற ஆசை.

பொய் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தடவை போயிருந்தார், கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. போக முடியாத இடத்தில் போக முடியவில்லை என்றே எழுதியிருந்தார். எங்கள் தெரு வரைபடம் வந்தது. கோயில், குளம், தண்ணீர்த் தொட்டி. எங்கள் வீடு பதினேழாம் புள்ளி. அட்டவணையில் பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினெட்டு எல்லாமே சிவப்பு. நைட்ரேட் என்கிற உப்பு அளவுக்கு மேல். வயலுக்குப் போடுகிற உரமும், கக்கூஸ் குழியில் இறங்குகிறதும் சேர்ந்து தண்ணீரில் கலக்கிறதாம். பதினேழு மட்டும் பச்சை. இரண்டாம் தடவைக் கட்டத்தில் ஒரு கோடு, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று. தங்கை கல்யாணத்துக்குக் கடலூர் போயிருந்தோம்.

பதினேழு ஏன் பச்சை? அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு பக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த வழியாக ஆற்றின் ஒரு கிளை ஓடியிருக்க வேண்டும், அது மணலோடு புதைந்துபோய், எங்கள் வீட்டுக்கு அடியில் மட்டும் நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருக்க வேண்டும். கோடு போட்டு, வளைவு போட்டு, நீலச் சாயம் கொடுத்து ஆற்றை வரைந்திருந்தார். கேன் தண்ணீருக்கு ஓர் ஆறு! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டேதான் அடுத்த அத்தியாயத்தை அடித்தேன்.

அதில் ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் நன்றாகவே புரிந்தது. இந்த உப்பு கூடுதலாக உள்ள தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறையும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கொதிக்க வைப்பதால் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பின் அளவு கூடும்.

இரண்டு நாளாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், “புள்ளைக்கு உதடு கொஞ்சம் கருத்தாப்ல இருக்குது, அவங்க அப்பன் நெறம் வருது போல.”

போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

“அம்மா, புள்ளைக்கு போர் தண்ணி குடுக்காத. ஒடனே கேன் வாங்கு. கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லு, நான் பஸ்ல வந்துடறேன்.”

“என்னாடி ஆச்சி ஒனக்கு? கேன் கடக்காரன் சொல்லிக்குடுத்தானா? நான் நல்லா கொதிக்க வெச்சிதானே குடுக்கறேன்.”

“கொதிக்க வெக்காதம்மா! அதான் தப்பு!”

அம்மா யார்? எனக்குச் சந்தேகத்தைப் பாலோடு ஊட்டியவர். நம்பவே இல்லை. கடைசியில் தங்கை போனைப் பிடுங்கி, “அக்கா, நெகமும் ஒரு மாதிரியாதான் இருக்குது” என்றாள். கடையைத் திறந்து போட்டபடியே ஓடினேன். டீ மாஸ்டர்தான் ஷட்டரை இறக்கினாராம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட வலிக்குக்கூட அது சத்தமாக அழவில்லை.

“என்ன தண்ணில பவுடர் கரைக்கறீங்க?”

“எங்க வூட்டு போர் தண்ணிதான் டாக்டரம்மா” என்றார் அம்மா, தலையை நிமிர்த்தி. “காலேஜ்ல படிச்சவுங்க வந்து, மிஷின் வெச்சிப் பாத்து, தெருவுலயே இதான் நல்ல தண்ணின்னு சொன்னது. அதான் நம்பிக் குடுக்கறேன். இல்லன்னா கேன் வாங்கியிருப்பனே.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அது நம்ம தண்ணி இல்லம்மா” என்றேன். “அன்னிக்கி நான் பாட்டில்ல புடிச்சிக் குடுத்தது கேன் தண்ணி.”

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரோ தெரியாத ஆள் வாசலில் வந்து நின்றால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. “ஊர்ல ஒருத்தன வுடாம சந்தேகப்படுவியே. ஒன்ன நான் பட்டதே இல்லியேடி” என்றார். அதோடு திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரை மாற்றி, மருந்து கொடுத்து, குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. மூன்றாம் நாள் பசிக்கு அது வார்டே அதிர அழுதபோது தங்கையும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். அம்மா என் பக்கம் வரவில்லை.

கடையைத் திறந்ததும் அந்தத் தம்பி வந்து நின்றார். இன்னும் ஒரு வாரத்தில் அவர் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னேன். பதினேழாம் வீடு என் வீடு, அந்தத் துண்டு கட்டியவள் நான்தான், அது கேன் தண்ணீர், அதனால் குழந்தைக்கு ஆனது இது. நான் எதையும் விடவில்லை.

அவர் திரையைப் பார்த்தார். திரையில் ஆறு நீலமாக இருந்தது.

“பன்னெண்டு பக்கம்க்கா” என்றார். “கைடு இந்த சேப்டரதான் ரொம்ப நல்லாருக்குன்னாரு.” பிறகு, “எதுக்குக்கா அப்புடி பண்ணீங்க? நான் உங்கள என்னா பண்ணேன்?”

நிலம், கம்பெனி, வதந்தி என்று நான் அடுக்கிய காரணங்களை அவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை யாரையும் பாட்டிலைத் தொட விடவில்லை. மோட்டாரிலிருந்து வருகிற குழாயைக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை வந்தார், நடுவில் வேறு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தார், பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கிட்டே போனபோது, “அங்கியே இருங்கக்கா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பதினோரு வருஷம் நான் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன்! பார்க்கப்படுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது.

முடிவு வந்தது. தெருவிலேயே எங்கள் தண்ணீரில்தான் உப்பு ஜாஸ்தி. அம்மா சொன்ன மாதிரி, எங்கள் தண்ணீர் உசத்திதான்.

ஆற்றை அழிக்கிற வேலையும் என்னுடையதே. பன்னிரண்டு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது. வரைபடத்தில் பதினேழுக்குச் சிவப்புக் கொடுத்தேன். அடிக்குறிப்பு ஒன்று சேர்க்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘பதினேழாம் மாதிரி ஆய்வாளரின் கவனக்குறைவால் தவறாகச் சேகரிக்கப்பட்டதால் நீக்கப்பட்டு, மீண்டும் எடுக்கப்பட்டது.’

“இது பொய் தம்பி” என்றேன்.

“இல்லக்கா. கரண்ட் வர்ற வரைக்கும் நான் நின்னுருக்கணும். மீட்டர் அப்புடி காட்டுனப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நான் நம்பிட்டேன்.”

அப்படியே அடித்தேன். எத்தனையோ பேருடைய பொய்யைப் பிடித்தவள், எனக்காக ஒருவர் எழுதிய அந்த வரியை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். முடிவை வந்து சொல்கிறேன் என்றவர், சொன்ன சொல் தவறவில்லை. பைண்டிங் முடிந்ததும் ஊருக்கு வந்து, வீடு வீடாகப் போய், எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊருக்கு வந்த ஆராய்ச்சிக்காரர்களில் திரும்பி வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். மாமா மட்டும் என்னிடம் வந்து, “எதுக்கு பாப்பா இதெல்லாம் சொல்றான்?” என்று கிசுகிசுத்தார். “சொல்றத கேளுங்க மாமா” என்றேன்.

குழந்தைக்கு இப்போது நாலு மாதம். கன்னம் உப்பி, என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கிறான். கடையிலிருந்து வரும்போது கேன் வாங்கி வருவது என் வேலை. நான் கொண்டுவந்து வைத்ததும் அம்மா மூடியைத் திருகிப் பார்ப்பார். சீல் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவுவார். பிறகு ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டுவார்.

“மொதல்ல நீ குடி” என்பார்.

நான் முழுவதையும் குடித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பவுடர் கரைக்கிறார்.